திரும்பி நின்ற நன்றி

இசைவாணி கோபக்காரி என்று அச்சங்குளத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சத்துணவில் அழுகின முட்டையைப் போட்டார்கள் என்று தட்டைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு, பெரியவர்கள் வந்து சமாதானம் சொல்லும்வரை எழுந்திருக்காத பிள்ளை அவள். கத்த மாட்டாள், அழ மாட்டாள். முகம் மட்டும் இறுகிப்போகும். இந்தப் பிள்ளை யார் வீட்டுக்குப் போய் என்ன பாடு படப்போகிறதோ என்று அம்மா சின்னத்தாய் அப்போதே சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

சின்னத்தாய் கல்யாணமாகி வந்த புதிதில் காட்டு வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். மழை ஏமாற்ற ஏமாற்ற, ஊரில் ஒவ்வொரு வீடாகப் பட்டாசு ஆலை வேனில் ஏறியது. அவளும் ஏறினாள். பூச்சட்டி என்கிற புஸ்வாணத்துக்கு வெடிமருந்து செலுத்துகிற வேலை. விரலிடுக்கில் வெள்ளிப் பொடி ஒட்டிக்கொண்டால் எந்தச் சோப்புக்கும் போகாது. அந்தக் கையை வைத்துக்கொண்டுதான் மகளை இன்ஜினியரிங் கல்லூரி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

படித்து முடித்த இசைவாணி, வயலுக்கு மருந்தடிக்கிற ட்ரோன் செய்யும் ஒரு சென்னைக் கம்பெனியில் சில வருஷம் இருந்தாள். அந்தச் சமயத்தில்தான் பொன்னுத்தங்கம் பட்டாசு ஆலையின் சின்ன முதலாளி மணிகண்டராஜ், வெளிநாட்டில் எங்கேயோ ட்ரோன் காட்சியைப் பார்த்துவிட்டு வந்து, சிவகாசியிலும் அதைச் செய்தே தீருவது என்று தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கினார். சின்னத்தாய் வேலை பார்த்ததும் அதே ஆலைதான். பூச்சட்டி அறைப் பொம்பிளையின் மகள் இந்த வேலைக்குத் தோதாக இருக்கிறாள் என்று யாரோ சொல்ல, அவரே போனில் கூப்பிட்டார். இசைவாணி மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டாள்.

வேனில் வருகிற பெண்கள் சின்னத்தாயைச் சீண்டினார்கள். உன் மகள் வந்து நம் பிழைப்பில் மண்ணள்ளிப் போடப் போகிறாளா என்று கேட்டார்கள். விளையாட்டாகக் கேட்டதுதான், ஆனாலும் முழுக்க விளையாட்டில்லை. ட்ரோன் புகை விடாது, வெடிக்காது, ஒரு தடவை வாங்கினால் வருஷக்கணக்கில் பறக்கும். அதனால் யார் வேலை போகும் என்பதற்கு இசைவாணியிடமும் பதில் கிடையாது. அந்தக் கேள்வி அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஆனால் வேலை பிடித்திருந்தது. அதை மறைக்க முடியாது.

சாதாரணமாக இந்தக் காட்சிகளில் ஒவ்வொரு ட்ரோனுக்கும் அதன் பாதையை முன்னதாகவே கம்ப்யூட்டரில் வகுத்துக் கொடுத்துவிடுவார்கள். இந்த நேரத்துக்கு இங்கே, அடுத்த நேரத்துக்கு அங்கே. ஒன்று விழுந்தால் அந்த இடம் ஓட்டையாகவே நிற்கும். இசைவாணி எழுதிய முறையில் எந்த ட்ரோனுக்கும் சொந்த இடம் கிடையாது. உருவம் இன்னது என்று மொத்தக் கூட்டத்துக்கும் ஒரு தடவை சொன்னால் போதும். ஒவ்வொன்றும் அக்கம்பக்கத்தில் இருப்பவற்றோடு சேதி பரிமாறிக்கொண்டு, யார் எங்கே போவது என்று தாங்களே முடிவு செய்யும். நெருங்கி வந்தால் விலகும், இடைவெளி கண்டால் போய் நிற்கும். தலைவன் என்று ஒன்று இல்லை.

கோடையில் வெம்பக்கோட்டை அணை வற்றிக் கிடந்தபோது, வெடித்த வண்டலின்மேல் வைத்துத்தான் முதலில் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். அவளும், கூட வேலை பார்த்த எழில் என்ற பெண்ணும். வட்டமாக நில் என்று சொல்லியிருந்தார்கள். ட்ரோன்கள் கொஞ்ச நேரம் தடுமாறி, பிறகு வட்டமாக நின்றன. அப்போது பருந்து ஒன்று எங்கிருந்தோ வந்து, தன் இடத்தில் இது என்னடா என்பதுபோல ஒரு ட்ரோனை அடித்துக் கீழே தள்ளிவிட்டது. எழில் பதறிப்போனாள். மேலே பார்த்தால், விழுந்ததன் இரண்டு பக்கமும் இருந்தவை மெல்ல நகர, அவற்றுக்கு அடுத்தவை நகர, வட்டம் கொஞ்சம் சின்னதாகி மூடிக்கொண்டது. யாரும் எந்தப் பொத்தானையும் தொடவில்லை. இசைவாணி வண்டலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உடைந்த ட்ரோனை எடுக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

வைகாசியில் மணிகண்டராஜின் அப்பா, பெரிய முதலாளி தனுஷ்கோடி ஆலை வாசலில் எல்லோரையும் கூட்டி ஒரு சேதி சொன்னார். ஆலைக்கு ஐம்பது வருஷம் ஆகிறது. ஆவணியில் பெரிய விழா. வெடி எல்லோரும் போடுவார்கள், நாம் வானத்தில் ட்ரோன் காட்சி வைக்கிறோம். தன் அப்பா காலத்திலிருந்து இந்த ஆலையைத் தூக்கி நிறுத்தியவர்கள் தொழிலாளிகள்தான், ஆகவே கடைசியில் உங்களுக்கு நன்றி என்று வானத்திலேயே எழுதிக் காட்டப்போகிறோம், குடும்பத்தோடு வாருங்கள் என்றார். சொல்லும்போது குரல் தழுதழுத்தது. பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சின்னத்தாய் வீட்டுக்கு வந்து அதை மூன்று தடவை சொன்னாள். அதை எழுதிக் காட்டப்போவது தன் மகள் என்ற நினைப்பில் அன்றைக்கு அவளுக்குச் சோறே இறங்கவில்லை.

விழா நெருங்கியதும் மைதானத்தில் யார் எங்கே உட்காருவது என்று வரைபடம் வந்தது. மேற்கே மேடையும், விருந்தாளிகளுக்கு நாற்காலிகளும். நடுவில் ட்ரோன்கள் கிளம்புகிற இடம். அதற்குக் கிழக்கே, வேன்கள் நிற்கிற பொட்டலை ஒட்டித் தொழிலாளிகள். தரையில் தார்ப்பாய்.

இசைவாணி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். வானத்தில் நிற்கிற எழுத்து பலகையில் எழுதின மாதிரிதான். ஒரு பக்கம் இருந்து பார்த்தால் வாசிக்கலாம், பின்னால் இருந்து பார்த்தால் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாறித் தெரியும். எழுத்து மேடையைப் பார்த்து நின்றால், நன்றி சொல்லப்படுகிற ஆட்களுக்கு அதன் முதுகுதான் தெரியும்.

இது கவனிக்காமல் நடந்த பிசகு என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். மணிகண்டராஜின் அறைக்குப் போய், தொழிலாளிகளையும் மேடைப் பக்கமே உட்கார வைக்கலாமே என்றாள். அவ்வளவு கூட்டத்துக்கு அங்கே இடம் இல்லை என்றார். அப்படியானால் கடைசியில் வரும் நன்றியை மட்டும் கிழக்கே திருப்பிவிடலாம், எந்தத் திசை பார்ப்பது என்பது ஒரே ஒரு எண்தான், அதை மாற்றினால் கூட்டம் மொத்தமும் தானே திரும்பிக்கொள்ளும் என்று விளக்கினாள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. வடநாட்டு வியாபாரிகள் வருகிறார்கள், கேமரா எல்லாம் மேடைப் பக்கம் இருக்கிறது, விருந்தாளிகளுக்கு எழுத்து இடவலமாகத் தெரிந்தால் கம்பெனிக்குக் கேவலம் என்றார். இரண்டு பக்கமும் ஒரு தடவை காட்டலாம் என்றாள். பேட்டரி தாங்காது, அப்பா முகத்தையும் தாத்தா முகத்தையும் குறைக்க முடியாது என்றார்.

"அப்ப நன்றி யாருக்கு சார்?" என்று கேட்டாள் இசைவாணி.

மணிகண்டராஜ் சிரித்தார். கெட்ட எண்ணம் உள்ள சிரிப்பு இல்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னார்.

"அவுகளுக்கு வெளிச்சம் தெரிஞ்சாப் போதும் இசைவாணி. அவுகள்ல எத்தன பேரு அத வாசிக்கப் போறாக?"

அவள் அம்மாவை நினைத்தாள். சின்னத்தாய் பள்ளிக்கூடத்துக்குப் போனவள் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால், அறிவொளி வகுப்பில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து எழுத்துக் கூட்டப் படித்தவள். பஸ் போர்டு படிப்பாள். பட்டாசுப் பெட்டியில் ஒட்டுகிற லேபிள் தலைகீழாக ஒட்டியிருந்தால் அடுத்த அறையில் போய்ச் சொல்லிவிட்டு வருவாள். இந்த ஆளின் ஆலையில், இந்த ஆளின் கம்பெனிப் பெயர் போட்ட லேபிளை! வாசிக்கத் தெரியாதவர்களாகவே இருக்கட்டும், அவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவள் வாசித்துச் சொல்ல மாட்டாளா? வாசிக்கத் தெரியாதவளுக்கு முதுகைக் காட்டி நன்றி சொல்லலாம் என்று எந்த ஊரில் வழக்கம்?

இதையெல்லாம் அவரிடம் கொட்டாமல், அவள் பெரிய முதலாளியிடம் போய்ச் சொல்லிப் பார்த்தாள். தனுஷ்கோடி முழுக்கக் கேட்டார், தலையை ஆட்டினார், ட்ரோன் விஷயமெல்லாம் மகன்தான் பார்க்கிறான் தாயி என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். வைகாசியில் தழுதழுத்த குரல் எங்கே போனதோ தெரியவில்லை.

விழா அன்று பொழுது சாய இசைவாணி கிழக்குப் பக்கம் போய்ப் பார்த்தாள். தார்ப்பாய்க்கு வெளியேயும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா மஞ்சள் பட்டு கட்டியிருந்தாள். கனகாம்பரம் வைத்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பாண்டிலட்சுமி, நன்றி எப்போது வரும் என்று கேட்டாள். கடைசியில் வரும் என்று சொல்லிவிட்டு இசைவாணி தன் இடத்துக்குத் திரும்பிவிட்டாள். மைதானத்தின் ஓரத்தில் ஒரு கூடாரம், இரண்டு கம்ப்யூட்டர், அவளும் எழிலும்.

இருட்டியதும் ட்ரோன்கள் எழும்பின. பூச்சட்டி பூத்தது, சக்கரம் சுற்றியது. இரண்டு பக்கமும் கைதட்டு. அடுத்து, ஆலையை ஆரம்பித்த பெரியவரின் முகம். கிழக்கே இருந்தவர்களுக்கு வகிடு மாறித் தெரிந்திருக்கும், ஆனாலும் முகம் முகம்தான். அதற்கும் தட்டினார்கள். பிறகு தனுஷ்கோடியின் முகம். மேடையில் மைக்கைப் பிடித்திருந்தவர், இப்போது நம் உழைப்பாளிகளுக்காக என்று அறிவித்தார்.

திரையில் அந்த எண் இருக்கிற கட்டம் திறந்தே கிடந்தது. இசைவாணி முன்கூட்டியே எதையும் முடிவு செய்து வைத்திருக்கவில்லை. அப்படித்தான் பிறகு எல்லோரிடமும் சொன்னாள், அது உண்மையும்கூட. உழைப்பாளிகளுக்காக என்று அந்த ஆள் சொன்ன குரலைக் கேட்டதும் கை தானாகப் போய் எண்ணை மாற்றியது. எழில் தன் திரையில் அதைப் பார்த்தாள். கோளாறு என்று தெரிந்தால் எல்லாவற்றையும் இறக்கிவிடுகிற பொத்தான் அவள் கையடியில் இருந்தது.

"இது மேடைப் பக்கம் இல்லியே."

"இல்ல" என்றாள் இசைவாணி.

எழில் காற்றைப் பார்த்தாள், பேட்டரியைப் பார்த்தாள், ட்ரோன்களுக்கு நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

முகம் கலைந்தது. முந்நூறு விளக்குகள் ஒன்றையொன்று விலக்கி, வழிவிட்டு, தங்களுக்குள் இடம் பேசி முடித்து, கிழக்கே பார்த்து நின்றன. மேற்கே மைக்கைப் பிடித்திருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டார். நாற்காலிகளில் முணுமுணுப்பு எழுந்தது. கிழக்கே ஒரு பெண் குரல் எழுத்துக் கூட்டியது. இன்னொரு குரல் அதை முந்திக்கொண்டு முழுசாக வாசித்தது. அப்புறம் எல்லோரும் வாசித்தார்கள். ஆளாளுக்கு உரக்க, நன்றி என்ற ஒரே சொல்லை, திரும்பத் திரும்ப. கூடாரத்துக்குள் இருந்து இசைவாணியால் யாரையும் பார்க்க முடியவில்லை. கேட்க மட்டும் முடிந்தது.

மணிகண்டராஜ் மூச்சிரைக்க ஓடி வந்தார். என்ன கோளாறு என்று கேட்டார். கோளாறு ஒன்றும் இல்லை, நான்தான் திருப்பினேன் என்று அவள் எழுந்து நின்று சொன்னாள். அவர் அதைக் காதில் வாங்கினாரே தவிர, மேடைக்குப் போய் மைக்கில் சொன்னது வேறு. தொழில்நுட்பக் கோளாறால் கடைசிக் காட்சி பிசகிவிட்டது, விருந்தினர்கள் மன்னிக்க வேண்டும்.

மறுநாள் காலையில் வேலை போய்விட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். அது அவள் எதிர்பார்த்ததுதான். அனுபவம் போதாதவள் என்று காரணம் சொன்னார்கள். அதைக்கூடப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது சாயங்காலம் வந்தது. கம்பெனி தன் இணையப் பக்கத்தில் விழா வீடியோவை ஏற்றியிருந்தது. அதில் எழுத்து அழகாக, நேராக, மேடையைப் பார்த்து நின்றது. இசைவாணி திகைத்துப்போய் இரண்டு தடவை பார்த்தாள். அப்புறம்தான் புரிந்தது. கடைசிக் காட்சியின் படத்தை மட்டும் கண்ணாடி மாதிரி இடவலமாகத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். முன்வரிசைப் பெண்கள் அத்தனை பேருக்கும் முந்தானை வலது தோளில் கிடந்தது. தனுஷ்கோடிக்குச் சட்டைப்பை வலது பக்கம். வாசல் வளைவில் இருந்த ஆலையின் பெயர் மட்டும் தெரியாதபடி மங்கலாக்கி வைத்திருந்தார்கள்.

ஒரே ஒரு சொல். அதுவும் ஐம்பது வருஷத்துக்கு ஒரு தடவை. அதையும் தொழிலாளிகளிடமிருந்து திரும்பப் பிடுங்கிக்கொண்டார்களே என்று அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விழாவைப் பற்றி எழுத வந்த உள்ளூர் நிருபர் கோளாறு எப்படி நடந்தது என்று போனில் விசாரித்தபோது அவள் தெளிவாகச் சொன்னாள்: "கோளாறுன்னு எழுதாதீக. அந்த ட்ரோன் ஒண்ணுகூடத் தப்புப் பண்ணல. யாருக்கு நன்றியோ அவுகளப் பாத்து நிக்கச் சொன்னேன், நின்னுச்சு."

அவர் அதை அப்படியே எழுதினார். பேப்பரில் வந்த அன்று, வேன் அச்சங்குளம் முக்கில் வந்து நின்றதும் போர்மேன் பெத்தணன் முன்சீட்டில் இருந்து இறங்கினார். சின்னத்தாயைத் தனியாகக் கூப்பிட்டு, இனி வர வேண்டாம் என்று மேலே சொல்லிவிட்டார்கள் என்றார். அவருக்கும் சொல்லச் சங்கடமாகத்தான் இருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

சின்னத்தாய் சாப்பாட்டுத் தூக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓரமாக நின்றாள். வீட்டுக்குத் திரும்பிப் போகவும் கால் வரவில்லை. அவளைப் பார்த்த பாண்டிலட்சுமி, வேன் படியில் வைத்த காலை எடுத்துவிட்டுப் புளியமரத்தடியில் போய் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற மாரிச்செல்வி கொஞ்சம் யோசித்துவிட்டு அவளும் போய் உட்கார்ந்தாள். ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக இறங்கினார்கள். கோஷம் இல்லை, கைகலப்பு இல்லை. வேன் காலியாகிவிட்டது.

பெத்தணன் பதறிப்போனார். தீபாவளி சீசன், ஆர்டர் மலைபோலக் கிடக்கிறது.

"யாரு சொல்லி உக்காந்தீக?" என்று கேட்டார்.

சொல்லி உட்கார வைத்தவர் என்று அங்கே ஒரு ஆள் இல்லை.

அவர் போன் போட்டார். சேதி அதற்குள் பரவி, அடுத்த ஊர் முக்கிலும் வேன் காலியாக நிற்கிறது என்று அங்கிருந்து தகவல் வந்தது. வெயில் ஏறியதும் தனுஷ்கோடியே காரில் வந்துவிட்டார். என்ன குறை என்று கேட்டார். எல்லோரும் பாண்டிலட்சுமியைப் பார்க்க, அவள் உட்கார்ந்தபடியே பேசினாள்.

"நன்றி எங்களுக்குன்னு நீங்கதான மொதலாளி சொன்னீக? அது எங்க பக்கம் பாத்துச்சு. அம்புட்டுத்தான நடந்துச்சு. அதுக்கு எதுக்கு சின்னத்தாயி வேல போகணும்?"

தனுஷ்கோடி கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில், யாரையும் நிறுத்தச் சொல்லவில்லை, கீழே இருப்பவர்கள் தப்பாகப் புரிந்துகொண்டார்கள் என்று சொல்லி, எல்லோரையும் ஏறச் சொன்னார். பெத்தணன் பேசாமல் அந்தப் பழியை ஏற்றுக்கொண்டார். அதையும் எல்லோரும் பார்த்தார்கள். சின்னத்தாய் மட்டும் படியில் நின்று, என் மகள் வேலை என்ன ஆச்சு என்று கேட்டாள். முதலாளி காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் வேனில் ஏறிப் போனாள். பெண்கள் அவளுக்கு ஜன்னலோரம் இடம் விட்டார்கள்.

இசைவாணிக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்கவில்லை. மன்னிப்புக் கேட்டு எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்று ஒரு தடவை ஆள் விட்டார்கள். முதலில் வீடியோவைத் திருப்பாமல் போடச் சொல்லுங்கள், அப்புறம் பேசலாம் என்று அனுப்பிவிட்டாள். அவர்கள் போடவில்லை. அவள் எழுதிய நிரலைக் கம்பெனி தன்னிடமே வைத்துக்கொண்டது. வெளியூரில் இருந்து வந்த ஆட்கள் அதை வைத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளை பெண் பெயரை எழுதிக் காட்டுகிறார்கள் என்று கேள்விப்படும்போதெல்லாம் அவள் முகம் பழையபடி இறுகும்.

எழிலும் கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டு வந்தாள். இருவரும் சாத்தூரில் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, புதிதாக எழுதி, கொஞ்சம் ட்ரோன்களோடு திருவிழாக்களுக்குப் போகிறார்கள். போன பங்குனியில் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு அம்மன் கோயில் பொங்கலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மேடை கிடையாது, நாலு பக்கமும் ஜனம். இசைவாணி அன்றைக்குத் தட்டையாக எதையுமே வைக்கவில்லை. பூச்சட்டியின் பூவை உருண்டையாக, எங்கிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி தெரிய நிறுத்தினாள். அம்மன் பெயரை எழுதினபோது, எழுத்துகள் நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்றி வந்தன. தெருவுக்குத் தெரு, தங்கள் பக்கம் வரும்போது ஆட்கள் வாசித்தார்கள்.

இறக்கி, துடைத்து, பெட்டிகளில் அடுக்கும்போது, எவ்வளவு நன்றாக இருந்தது என்று எழில் சொன்னாள். இசைவாணி பேட்டரிகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "ஆலை விழா அன்னைக்கும் இப்படிச் செஞ்சிருக்கலாம். செய்யணும்னு அவுகளுக்குத் தோணல" என்றாள். கோபம் அப்படியேதான் இருந்தது. பெட்டியை மூடி, வண்டியில் ஏற்றினாள்.